நகக்குழி

தாத்தாவின் பேனாக்கத்தியை முதன்முதலாகத் திறக்க முயன்றபோது என் கட்டைவிரல் நகம் பிளந்துவிட்டது. அப்போது எனக்கு 11 வயது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் அவர். கத்தியை என் கையிலிருந்து வாங்கி, அலகின் மேற்புறத்தில் பிறைபோல் வெட்டியிருந்த சிறு குழியைக் காட்டினார். "நகத்தைக் குத்தி நிறுத்தாதே அம்மா, படுக்கப் போட்டு இழு. அதற்காகத்தான் இந்தக் குழி" என்றார். அவர் இழுத்தபோது அலகு வழுக்கிக்கொண்டு எழுந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தானே தாவிக் கடந்து 'டக்' என்று நின்றது. அந்த ஓசைக்காகவே அன்று மாலை முழுவதும் அவரைத் திறக்கவும் மூடவும் வைத்தேன்.

இன்று என்னிடம் 23 மடக்குக் கத்திகள் இருக்கின்றன. சில உண்மையிலேயே பழையவை. பெரும்பாலானவை பழைய வடிவத்தில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்டவை. கோவையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். கைப்பையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும்: கிளை நறுக்க, பார்சல் பிரிக்க, சுற்றுலாவின்போது கொய்யாவைப் பங்கு போட. "பாதுகாப்புக்காகவா, மேடம்?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்பாள். இல்லை. இரண்டு கைகளாலும் திறக்க வேண்டிய, திறந்த அலகை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு இல்லாத கத்தி சண்டைக்கு உதவாது. எதிலாவது குத்தினால் மடங்கி, பிடித்திருப்பவரின் விரலைத்தான் முதலில் வெட்டும். ராம்பூர் கத்தியையும் சினிமா ரவுடியையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு, மடக்குக் கத்தி என்றாலே முகம் சுருங்குகிறது. தாத்தாவின் தலைமுறைக்கு அது மூக்குக்கண்ணாடியும் மைக்கூடும் போல மேசையில் இருக்கும் ஒரு பொருள்.

அந்தச் சொல்லையே பாருங்கள்: பேனாக்கத்தி. போர்ச்சுக்கீசியர் பேச்சிலிருந்து நமக்கு வந்த 'பேனா'வுக்கு மூலப்பொருள் இறகு. வாத்திறகின் நுனியைச் சீவி எழுதிய காலத்தில், அந்த நுனி மழுங்க மழுங்கத் திருத்துவதற்கென்றே ஒரு சிறிய கத்தி எழுதுபவரின் பக்கத்தில் இருந்தது. இறகு போய் உலோக முள் வந்த பிறகும் கத்தியின் பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் எழுதுபவர் கத்தி வைத்திருக்கும் வழக்கத்தை நாம் ஐரோப்பாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஓலையில் எழுதிய நம் ஊரில் மடக்கெழுத்தாணி என்றே ஒரு கருவி உண்டு. ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையை நறுக்கிச் சீர்செய்யும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை முதலில் பார்த்த நாளில் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

தாத்தாவின் கத்தி, இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் செய்தது. அலகின் அடிப்பகுதியில், மூட்டுக்கு அருகே, ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்திருக்கின்றன. மறுபக்கத்தில் கிரீடத்துக்கு இருபுறமும் 'ஜி', 'ஆர்' என்ற எழுத்துகள். ஜார்ஜ் மன்னர்களின் காலத்துச் சரக்கு என்பதற்கு அடையாளம். பிடி எருமைக் கொம்பு. கறுப்பாக இருந்தாலும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே தேன்நிறத்தில் ஒரு கீற்று ஓடும். அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. பென்சில் சீவி, சாணைக்கல்லில் தீட்டி, மறுபடி சீவிப் போன இரும்பு அது. சேகரிப்பாளர்கள் இப்படித் தேய்ந்த அலகைக் கண்டால் விலையைக் குறைத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் தாத்தாவின் கையெழுத்து. அவர் எழுதிய பேரேடுகளில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

அந்த 'டக்' ஓசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பாணிக் கத்தியின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிடியின் முதுகு நெடுக ஓர் எஃகு வில் கிடக்கிறது. அலகின் அடிப்பாகம் முழு வட்டமாக இல்லாமல், தட்டையான முகங்களோடு வெட்டப்பட்டிருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில் அந்தத் தட்டை முகத்தில் படுத்து ஓய்வெடுக்கிறது. அலகு சுழலும்போது முகத்தின் மூலை வில்லை மேலே தூக்குகிறது. மூலை கடந்ததும் வில் விழுகிறது. அந்த விழுகைதான் ஓசை. சில கத்திகளில் பாதி வழியில் இன்னொரு முகம் இருக்கும். செங்குத்தாக ஒரு கணம் நின்று, விரலை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு மூடும். இவ்வளவுதான் இயந்திரம். ஆனால் வில்லின் முதுகும் பிடியின் முதுகும், திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும், விரலை ஓட்டினால் ஒரு மேடும் தட்டுப்படாமல் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதற்கு மில்லிமீட்டரின் மிகச் சிறிய பங்குகளில் அரத்தால் ராவி, கூட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி ராவ வேண்டும். நான் புதிதாக ஒரு கத்தி வாங்கினால் அலகைப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகைத்தான் தடவுகிறேன்.

ஷெஃபீல்டில் இந்த வேலையைத் தனித்தனியாக, சிறு அறைகளை வாடகைக்கு எடுத்துச் செய்தவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்று அழைத்தார்கள். சின்ன முதலாளி என்று சொல்லலாம். அந்த ஊரின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக ராட்ஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து வைத்தது. அதன் படத்தைப் பார்த்தால் வியப்பு வருகிறது, ஆசை வரவில்லை. சட்டைப்பைக்குள் போகாத மடக்குக் கத்தி எனக்கு ஒரு சிற்பம் மட்டுமே. என் மனம் ஸ்டான் ஷாவிடம்தான் போகிறது. 1926-இல் பிறந்து, 14 வயதில் ஷெஃபீல்டில் ஒரு பட்டறையில் சேர்ந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் சட்டைப்பைக் கத்திகளைக் கையாலேயே செய்துகொண்டிருந்தவர். 2021-இல் இறந்தார். அரத்தைப் பிடித்திருக்கும் அவருடைய விரல்களைக் காணொளியில் பார்த்திருக்கிறேன். வில்லை மூட்டில் வைத்துப் பார்க்கிறார், எடுக்கிறார், இரண்டு இழுப்பு ராவுகிறார், மறுபடி வைக்கிறார். முகத்தில் அவசரமே இல்லை.

பழைய வடிவங்கள் இப்போது புதிதாக வரும் இடம் பெரும்பாலும் அமெரிக்கா. பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்று ஒரு சிற்றூர். 1859-இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அதே ஊரில் 2006-இல் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற சிறிய ஆலை தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த வடிவங்களையும், மறைந்துபோன நிறுவனங்களின் பெயர்களையும் எடுத்து, கார்பன் எஃகில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வெளியிடுகிறார்கள். அங்கே வேலைபார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு வந்தபோது எனக்காக ஒரு பார்லோ கத்தி கொண்டுவந்தாள். பார்லோவும் பிறப்பால் ஷெஃபீல்டுதான். கடல் கடந்து போய், அமெரிக்கச் சிறுவர்களின் கால்சட்டைப் பைகளில் குடியேறி, அந்நாட்டுக் கத்தியாகவே ஆகிவிட்டது.

பார்லோவை அடையாளம் காட்டுவது அதன் பூண். பிடியின் முன்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உலோகப் பூணே அடைத்துக்கொள்கிறது. அழகுக்காக வந்த நீளம் என்று முதலில் நினைத்தேன். கையில் வைத்துப் பழகிய பிறகுதான் புரிந்தது. மலிவான கத்தியில் முதலில் தளர்வது மூட்டு. அதைச் சுற்றி உலோகத்தைத் தாராளமாக வைத்தால் முரட்டுப் பையனின் கையிலும் தாங்கும். எடை முன்பக்கம் இருப்பதால் அலகு தானாகவே வேலையின் பக்கம் சாய்கிறது. ஒரு வடிவம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருக்கிறது என்றால், எத்தனையோ கைகள் அதைத் திருத்தியிருக்கின்றன என்று பொருள். எனவே பழைய வடிவத்தில் புதுக்கத்தி செய்வதை நகல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் அரிவாள்மணையை யாராவது நகல் என்பார்களா?

ஆனால் ஒன்றை என்னால் ஏற்க முடிவதில்லை. புதுக்கத்தியின் பிடியைத் தேய்த்து, அலகைக் கல்லோடும் அமிலத்தோடும் உருட்டி, ஐம்பது ஆண்டுகள் உழைத்த தோற்றத்தில் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்குபவரும் நிறைய. பழைய வடிவம் எனக்கு வேண்டும். கடையில் வாங்கிய வயது வேண்டாம். என் தாத்தாவின் அலகில் இருக்கும் தேய்மானத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான காலைப்பொழுதுகள் இருக்கின்றன. உருளைக்குள் இருபது நிமிடம் சுழன்ற தேய்மானத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அதிலும், கார்பன் எஃகு அலகுக்கு வயதாவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய இன்பம்! அந்தப் பார்லோவை நான் முதலில் பயன்படுத்தியது ஒரு நெல்லிக்காயில். வெட்டி முடித்துத் துடைப்பதற்குள் வெள்ளிநிற அலகில் சாம்பல்நீல மேகம் ஒன்று இறங்கியிருந்தது. நெல்லியிலும் மாங்காயிலும் வாழைப்பூவிலும் இருக்கும் துவர்ப்பு, அதாவது டானின், இரும்போடு சேர்ந்து கரிய சேர்மமாகிறது. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுப்பது இதனால்தான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு பிறப்பதும் இப்படித்தான். வகுப்பில் டானின் பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு கடுக்காயையும் அந்தக் கத்தியையும் எடுத்து மேசையில் வைப்பேன். பேனாவுக்கென்று பிறந்த கத்தி, தன் மேலேயே மை பூசிக்கொள்வதை மாணவிகள் கண்ணால் பார்க்கட்டும்.

இந்தக் கறுப்பு வேறு, துரு வேறு. செந்துரு பொருக்குவிட்டு உதிரும், இரும்பைத் தின்னும். கறுப்புப் படலம் அலகோடு ஒட்டியிருந்து அதை ஓரளவு காக்கும். ஆனாலும் வெட்டியதும் துடைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கக் கூடாது. மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தேவை. தாத்தா தேங்காய் எண்ணெய் விட்டார். அது குளிரில் உறைந்து இறுகிவிடும் என்பதால், நான் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் விடுகிறேன். எவர்சில்வர் அலகாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பார்கள். உண்மை. எனக்கு அந்தத் தொல்லை தேவைப்படுகிறது. நாள் முழுவதும் நான் தொடும் பொருள்களில் வேறு எதுவும் என்னிடம் ஒரு துளி கவனத்தைக்கூடக் கேட்பதில்லை.

பிடிகளுக்கும் ஒரு கதை உண்டு. அது நம் காட்டிலிருந்து தொடங்குகிறது. ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அமெரிக்க ஆலைகளும் மான்கொம்புப் பிடிக்கு மிகவும் விரும்பியது கடமானின் கொம்பை. மற்ற மான்களின் கொம்பைவிட அது அடர்த்தியானது. நடுவில் பஞ்சுபோன்ற பகுதி குறைவு. வால்பாறைச் சரிவுகளில் மாலையில் இறங்கிவரும் கடமான்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆண்டுதோறும் உதிரும் அந்தக் கொம்புகள் உலகின் மறுகோடியில் மேசைக் கத்திகளாகவும் சட்டைப்பைக் கத்திகளாகவும் ஆயின. 1998-இல் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அதற்காக வருந்துகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை. கொம்பு காட்டிலேயே உதிர்ந்து, முள்ளம்பன்றி கொறிக்க மண்ணோடு போகட்டும். மாட்டுக் கால் எலும்பில் வரிவரியாகச் செதுக்கிச் சாயமேற்றிய பிடி, மான்கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்து பார்த்ததில் பிறந்தது. இன்று அதற்கே தனி அழகு வந்துவிட்டது. என் பார்லோவின் பிடி அந்த எலும்புதான். உள்ளங்கைச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும்.

என்னிடமிருந்து போய்விட்ட ஒரு கத்தியும் உண்டு. பிரான்ஸில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி: ஒரு பீச் (beech) மரப் பிடி, ஓர் அலகு, அவ்வளவுதான். 1955-இல் அலகு நழுவாமலிருக்க ஒரு சுழல்வளையம் சேர்த்தார்கள். எட்டாம் எண் அளவு ஒபினெல் ஒன்றை வைத்திருந்தேன். கோவை வெயிலில் நன்றாகத் திறக்கும். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைக்கு எடுத்துப்போனால் மரம் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு கைவழக்கம் வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். ஆளிவிதை எண்ணெயில் பிடியை ஊறவைத்த பிறகு அந்தச் சிக்கலும் குறைந்தது. ஆறு ஆண்டுகள் அந்தக் கத்தி என்னோடு மலையேறியது. பிறகு ஒரு விமானப் பயணத்தில், கைப்பையின் பக்கவாட்டு அறையில் அது இருப்பதை மறந்து சோதனை வாயிலுக்குப் போய்விட்டேன். அங்கிருந்த பெண் அலுவலர் விதியைத்தான் பின்பற்றினார். பெட்டிக்குள் போடுவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து மூடிக்கொள்ள அனுமதித்தார். அந்தக் கத்தியை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

எனவே கத்தியோடு வெளியே போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. விமானத்தில் கைப்பையில் கூடாது. சரக்குப் பெட்டியில் மட்டும். நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமானவை நீங்கலாக, ஆயுதமாகக் கருதுகின்றன. சட்டைப்பைக் கத்தி அந்த அளவில் பாதியைக்கூட எட்டாது. ஆனாலும் கூட்டமான இடங்களில் காவலர் கேட்டால் அவரிடம் மரியாதையாக விளக்குவதே முறை. பிரிட்டனில் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலேயே வைத்திருக்கலாம்; பூட்டு இருந்தால் தக்க காரணம் வேண்டும். தாத்தா காலத்து வடிவத்தையே அந்தச் சட்டம் அனுமதிக்கும் வடிவமாக வைத்திருக்கிறது.

ஜப்பானில் இதே பொருள் வேறு விதமாக மறைந்தது. ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரில் செய்யப்படும் ஹிகோனோகாமி, நான் அறிந்தவற்றிலேயே மிக எளிய மடக்குக் கத்தி. மடித்த தகட்டுப் பிடி, ஓர் அலகு, அலகின் வாலில் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க ஒரு சிறு நெம்பு. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள். 1960-இல் அசானுமா இனெஜிரோ என்ற அரசியல் தலைவர் மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற ஆயுதம் ஒரு குறுவாள். ஆனால் அதன் பிறகு எழுந்த 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' என்ற இயக்கத்தில் இந்தப் பென்சில் கத்திகளும் அடித்துச் செல்லப்பட்டன. பல பட்டறைகள் இருந்த ஊரில் இப்போது அந்தப் பெயரோடு செய்யும் உரிமை ஒரே குடும்பப் பட்டறையிடம் இருக்கிறது. ஒசாகாவுக்கு வேலையாகப் போன என் தம்பி எனக்காக ஒன்று வாங்கி வந்தான். பித்தளைப் பிடி, இப்போது பழைய குத்துவிளக்கின் நிறம்.

சென்ற மாதம் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் 11 வயது. மேசையில் தாளை விரித்து, ஹிகோனோகாமியை அவள் கையில் கொடுத்தேன். நெம்பின் மேல் கட்டைவிரல், பென்சிலின் முதுகை இடக் கட்டைவிரலால் தள்ளுவது, கத்தி எப்போதும் உடம்பைவிட்டு விலகிப் போவது, இந்த மூன்றையும் முதலில் வெறும் கையில் செய்து காட்டினேன். முதல் பென்சிலின் நுனி மூன்று முறை ஒடிந்தது. நான்காவது முறை நீளமான, பட்டை பட்டையான ஒரு முனை வந்தது. துருவல்களில் தேவதாரு வாசனை. அவள் கத்தியைத் துடைத்து மடக்கினாள். பிறகு காதருகே வைத்து மறுபடி திறந்து மூடிப் பார்த்தாள்.

"அத்தை, இது ஏன் சத்தமே போடவில்லை? நீங்கள் சொன்ன கத்தி சத்தம் போடும் என்றீர்களே?"

அலமாரியைத் திறந்து எருமைக் கொம்புப் பிடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் நகம் குழியைத் தேடிக் கண்டுபிடித்தது.

"குத்தி நிறுத்தாதே அம்மா" என்றேன். "படுக்கப் போட்டு இழு."

வில் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பாதி தூரம் நான் பிடித்துக்கொண்டேன். மீதியை அவள் இழுத்தாள்.